இணைந்தவையும் உதிர்ந்தவையும்: புனே டெக்கான் கல்லூரியின் இருநூறு ஆண்டுகள்

1817 நவம்பரில் புனேக்கு அருகே கட்கியில் நடந்த போரில் பேஷ்வா படை தோற்றது. அடுத்த ஆண்டு ஜூனில் இரண்டாம் பாஜிராவ் சரணடைந்தார். ஒரு ராஜ்யத்தைக் கைப்பற்றியவர்களிடம் அதன் வருமானத்தோடு செலவுகளும் வந்து சேரும். அப்படிக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலையில் விழுந்த செலவுகளில் ஒன்று தட்சிணை.

சிராவண மாதத்தில் வேதமும் சாஸ்திரமும் கற்ற பிராமணர்களுக்குப் பணம் வழங்கும் வழக்கம் அது. தளேகாவில் சேனாபதி கண்டேராவ் தாபாடே தொடங்கியதை, 1731இல் தாபாடேக்கள் தோற்ற பிறகு பேஷ்வாக்கள் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். பர்வதி குன்றின் அடியில் ரமணா என்ற மதில் சூழ்ந்த வெளியில் கூட்டம் கூடும். காசியிலிருந்தும் வருவார்கள், தென்னாட்டிலிருந்தும் வருவார்கள். புலமை பார்த்துக் கொடுக்கத் தொடங்கிய தொகை, காலப்போக்கில் வந்தவர்க்கெல்லாம் கொடுக்கும் தானமாகிவிட்டது.

தக்காணத்தை நிர்வகித்த மவுண்ட்ஸ்டுவர்ட் எல்பின்ஸ்டனுக்கு இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரே நாளில் நிறுத்தினால் புனேயின் செல்வாக்குள்ள ஒரு வர்க்கம் முழுதும் பகையாகும். இருந்தபடியே நீடித்தால் பணம் வீண். ஆண்டுக்கு 50,000 ரூபாய் என்று தட்சிணையைச் சுருக்கிக்கொண்டு, அந்த மரபின் பெயராலேயே ஒரு கல்லூரியைத் தொடங்குவது என்பது அவர் கண்ட வழி. அவர் பம்பாய் கவர்னரான பிறகு, தக்காணக் கமிஷனராக வந்த வில்லியம் சாப்ளின் 1821 அக்டோபர் 6 அன்று அந்தக் கல்லூரியைத் திறந்துவைத்தார். இடம், பாஜிராவ் தனக்கென்று கட்டிக்கொண்ட விஸ்ராம்பாக் வாடா என்ற மாளிகை. பெயர் இந்து கல்லூரி.

இன்று எரவாடாவில் இருக்கும் டெக்கான் கல்லூரி தன் வயதை அந்த நாளிலிருந்துதான் எண்ணுகிறது. தொல்லியல், மொழியியல், சமஸ்கிருதமும் அகராதியியலும் என்று மூன்றே துறைகள் கொண்ட நிகர்நிலைப் பல்கலைக்கழகம் அது. இருநூறு ஆண்டுகளில் அது குறைந்தது இரண்டு முறை வேறு நிறுவனங்களோடு இணைந்தது, ஒரு முறை அடியோடு மூடப்பட்டது, தன் உடம்பிலிருந்தே வேறு நிறுவனங்கள் பிரிந்துபோகவும் பார்த்தது. இணைப்பு என்றாலே சின்னதைப் பெரியது விழுங்குவது என்று நாம் நினைத்துப் பழகியிருக்கிறோம். இந்தக் கல்லூரியின் கதையைக் கூர்ந்து படித்தால் அப்படிச் சொல்லிவிட முடியவில்லை. எந்த இணைப்பில் வேலையும் சேர்ந்துகொண்டதோ அது நிலைத்திருக்கிறது. எதில் கணக்குப் புத்தகம் மட்டும் சேர்ந்ததோ அது உதிர்ந்திருக்கிறது.

முதல் முப்பது ஆண்டுகளில் அது பெயருக்குத்தான் கல்லூரி. உள்ளே நடந்தது பாடசாலைக் கல்வி. வியாகரணம், நியாயம், வேதாந்தம், அலங்காரம், ஜோதிடம், வைத்தியம், தர்ம சாஸ்திரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சாஸ்திரி. பிராமண மாணவர்களுக்கு மட்டுமே இடம், அவர்களுக்கு மாதந்தோறும் உதவித்தொகையும் உண்டு. 1791இல் காசியிலும் 1824இல் கல்கத்தாவிலும் கம்பெனி தொடங்கிய சமஸ்கிருதக் கல்லூரிகளின் உடன்பிறப்பு என்றே இதைச் சொல்லலாம். ஆட்சி மாறிய ஊரில் பழைய அறிவாளிகளைப் பட்டினி போடாமல் பார்த்துக்கொள்வதும் அவர்கள் வழியாகவே மெல்ல மெல்லப் புதிய படிப்பைக் கொண்டுவருவதும் மூன்றுக்கும் பொதுவான நோக்கம்.

1832இல் புனேயில் அரசின் ஆங்கிலப் பள்ளி ஒன்று வந்தது. ஒரே ஊர், ஒரே அரசு; ஒரு வாசலில் பாணினி, இன்னொரு வாசலில் ஆங்கில இலக்கணம். 1835இல் ஆங்கிலக் கல்வியை வலியுறுத்திய மெக்காலேயின் குறிப்பு வெளியான பிறகு காற்று எந்தப் பக்கம் வீசியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. காசியில் சமஸ்கிருதக் கல்லூரியும் ஆங்கிலக் கல்லூரியும் 1853இல் ஒரே கூரையின் கீழ் வந்தன. புனே அதற்கு இரண்டு ஆண்டு முந்திக்கொண்டது. 1851இல் இந்து கல்லூரியும் ஆங்கிலப் பள்ளியும் சேர்ந்து பூனா கல்லூரி ஆயின. பொறுப்பில் இருந்தவர் மேஜர் தாமஸ் கேண்டி. மோல்ஸ்வொர்த்தோடு சேர்ந்து மராத்தி-ஆங்கில அகராதியை உருவாக்கியவர். அகராதிக்காரர் ஒருவர் தலைமையில் இந்த இணைப்பு நடந்தது தற்செயல்தான். ஆனால் ஒரு நூற்றாண்டு கழித்து இதே நிறுவனம் என்ன வேலையைத் தன் தலையாய பணியாக எடுத்துக்கொண்டது என்று பார்க்கும்போது அந்தத் தற்செயல் மனதில் நிற்கிறது.

இணைப்பு நடந்த அந்த ஆண்டுகளில் புனே கொதித்துக்கொண்டிருந்தது. தட்சிணைப் பணத்தில் ஒரு பகுதியை மராத்தியில் நல்ல நூல்கள் எழுதுவோருக்குப் பரிசாகக் கொடுக்க வேண்டும் என்று 1849இல் சீர்திருத்தக்காரர்கள் அரசுக்கு விண்ணப்பம் கொடுத்தார்கள். முன்னின்றவர் லோகஹிதவாதி என்று அறியப்பட்ட கோபால் ஹரி தேஷ்முக். வைதிகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். விண்ணப்பக்காரர்களின் பக்கம் நின்றவர்களில் ஒருவர், அதற்கு முந்தைய ஆண்டுதான் பிடே வாடாவில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கியிருந்த ஜோதிராவ் புலே. கடைசியில் தட்சிணையின் ஒரு பங்கு மராத்தி நூல்களுக்குப் பரிசாகத் திரும்பியது. கோயில் குன்றின் அடியில் தானமாகப் போன பணம், கல்லூரிச் சம்பளமாகவும் புத்தகப் பரிசாகவும் ஆய்வு மாணவர் உதவித்தொகையாகவும் உருமாறிய பாதை இது.

1852 நவம்பரில் விஸ்ராம்பாக் வாடாவில் ஒரு கூட்டம் நடந்தது. பெண்களுக்கும் தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்டோருக்கும் கல்வி கொடுத்ததற்காக அரசு புலேவுக்குச் சால்வை அணிவித்து மரியாதை செய்தது. அணிவித்தவர் மேஜர் கேண்டி. பிறப்பால் ஒரு சாதியாருக்கு மட்டும் என்று திறந்த கல்லூரியின் அதே கூடத்தில், பிறப்பின் பெயரால் கல்வி மறுக்கப்பட்டவர்களுக்காகப் பள்ளி நடத்திய இருபத்தைந்து வயது இளைஞர் நிற்கிறார். கல்லூரி அதற்குள் சமத்துவக் கோட்டையாகிவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. பிராமணக் கல்வி அதிகாரத்தைப் பற்றிப் புலே பின்னால் எழுதியதைப் படித்தவர்கள் அப்படி நினைக்கவும் மாட்டார்கள். ஆனால் அந்த வாடாவின் கதவு முப்பது ஆண்டில் எவ்வளவு நகர்ந்தது என்பதை இந்த ஒரு மாலை காட்டிவிடுகிறது.

1851 இணைப்பைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் சமஸ்கிருதத்தை விழுங்கிய கதையாகவே சொல்வார்கள். என் கருத்து வேறு. கல்லூரி பெயர் மாறியது, பாடத்திட்டம் மாறியது, 1857இல் தோன்றிய பம்பாய்ப் பல்கலைக்கழகத்தோடு அது சேர்க்கப்பட்டது, எல்லாம் உண்மை. ஆனால் பழைய சாஸ்திரிகள் வெளியே அனுப்பப்படவில்லை. அடுத்த முப்பது ஆண்டுகளில் நடந்ததற்கெல்லாம் வேர் அதுதான்.

1859இல் மார்ட்டின் ஹாக் என்ற ஜெர்மானியர் சமஸ்கிருதப் பேராசிரியராக வந்தார். ஐதரேய பிராமணத்தை அவர் 1863இல் பதிப்பித்து மொழிபெயர்த்தார். வேள்வி எப்படி நடக்கும் என்பதை ஐரோப்பிய நூலகத்தில் உட்கார்ந்து ஊகிக்காமல், செய்யத் தெரிந்தவர்களிடமே கேட்டு எழுத முடிந்தது அவருக்கு. அவரை அடுத்து 1866இல் வந்தவர் பிரான்ஸ் கீல்ஹோர்ன். பதஞ்சலியின் மகாபாஷ்யத்துக்கு அவர் கொண்டுவந்த பதிப்பு இன்றும் அடிப்படைப் பதிப்பு. கீல்ஹோர்ன் தனியே உட்கார்ந்து அதைப் படிக்கவில்லை. அனந்த சாஸ்திரி பெண்டார்க்கர் போன்ற புனே பண்டிதர்களிடம் வரிவரியாகப் பாடம் கேட்டுப் படித்தார். வாய்மொழியாக வந்த விளக்க மரபும் ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் காணும் ஜெர்மானிய முறையும் ஒரே மேசையில் சந்தித்தன. இரண்டு நிறுவனங்கள் இணைந்திராவிட்டால் அந்த மேசை எங்கே இருந்திருக்கும்? பின்னர் 1882இல் அந்த இருக்கைக்கு வந்த ராமகிருஷ்ண கோபால் பண்டார்க்கர் இரண்டு முறைகளையும் ஒரே மனத்தில் கொண்டவராக இருந்தார்.

இடையே தமிழருக்குத் தொடர்புள்ள ஒரு செய்தி. 1850களின் பிற்பகுதியில் இந்தக் கல்லூரியின் முதல்வராகச் சில ஆண்டுகள் இருந்தவர் எட்வின் ஆர்னால்டு. இங்கிலாந்து திரும்பிப் பத்திரிகைத் தொழிலில் இறங்கி, 1879இல் புத்தரின் வாழ்வைக் காவியமாக எழுதியவர். அந்தக் காவியத்தைத் தழுவித்தான் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'ஆசிய ஜோதி' எழுதினார். பள்ளிக்கூடத்தில் கவிமணியைப் படித்த நம்மில் பலருக்கும் புனேயோடு இப்படி ஓர் உறவு, தெரியாமலே இருந்திருக்கிறது.

வாடாவில் இடம் போதவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் புதுக் கட்டடம் எழுப்ப முடிவாகி, 1864 அக்டோபரில் கவர்னர் பார்ட்டில் பிரேர் அடிக்கல் நாட்டினார். செலவில் ஏறக்குறைய பாதியைப் பம்பாய்ப் பார்சி வணிகக் குடும்பமான ஜீஜீபாய்கள் கொடுத்தார்கள். கோதிக் பாணியில் வடிவமைத்தவர் ஹென்றி செயின்ட் கிளேர் வில்கின்ஸ். 1868 மார்ச்சில் கல்லூரி குடியேறியது. அப்போது அதற்கு டெக்கான் கல்லூரி என்று பெயர். இந்த நன்கொடையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எழுபது ஆண்டு கழித்து அதுவே வழக்காயிற்று.

திலகர் இங்கே படித்தார், அகர்கர் படித்தார், விஷ்ணுசாஸ்திரி சிப்ளுண்கரும் வரலாற்றறிஞர் ராஜ்வாடேயும் படித்தார்கள். விடுதியில் திலகர் இருந்த அறையை இன்றும் பேணுகிறார்கள். அரசுக் கல்லூரியில் படித்த இந்தத் தலைமுறை அரசின் கையில் இல்லாத கல்வி வேண்டும் என்று கிளம்பியது. 1880இல் நியூ இங்கிலிஷ் பள்ளி, 1884இல் டெக்கான் கல்விக் கழகம், 1885இல் ஃபெர்குசன் கல்லூரி. ஊருக்கு நடுவே, குறைந்த செலவில், சொந்த மக்கள் நடத்தும் கல்லூரி வந்துவிட்ட பிறகு ஆற்றுக்கு அப்பால் இருந்த அரசுக் கல்லூரியின் முன்னிடம் பறிபோனது. தன் பிள்ளைகளே தனக்குப் போட்டியானார்கள்.

அடுத்த இழப்பு இன்னும் பெரியது. 1860களிலிருந்து பியூலர், கீல்ஹோர்ன், பண்டார்க்கர் ஆகியோர் பம்பாய் அரசுக்காக ஊர் ஊராகத் தேடிச் சேர்த்த ஏட்டுச்சுவடிகள் டெக்கான் கல்லூரியில்தான் இருந்தன. 1917இல் பண்டார்க்கர் பெயரால் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் தொடங்கியதும் மறு ஆண்டே அந்தத் தொகுப்பு அங்கே மாற்றப்பட்டது. அதிலிருந்து விளைந்ததுதான் மகாபாரதச் செம்பதிப்பு. நாட்டுக்கு அது நன்மை என்பதில் ஐயமில்லை. டெக்கான் கல்லூரியைப் பொறுத்தவரை, எந்த வேலைக்காக அது பெயர் பெற்றதோ அந்த வேலையின் மூலப்பொருள் வெளியேறிவிட்டது. மிஞ்சியது கலைப் பட்டப்படிப்பு மட்டும். அதை ஊரில் மற்றவர்களும் நடத்தினார்கள். 1934இல் அரசு கல்லூரியை மூடியது.

பழைய மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. சங்கமாகக் கூடி நீதிமன்றம் சென்றார்கள். ஜீஜீபாய் குடும்பத்தின் நன்கொடையைப் பெற்று எழுப்பிய கல்லூரியை அரசு தன் விருப்பம்போல் மூடிவிட முடியாது என்பது அவர்கள் வாதத்தின் முக்கியமான இழை. பணம் கொடுத்தவர் போய்விட்டாலும் எதற்காகக் கொடுத்தார் என்பது போய்விடாது. 1937இல் பம்பாயில் பி.ஜி. கேர் தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை வந்தது. அந்த ஆட்சிக் காலத்தில், 1939 ஆகஸ்ட் 17 அன்று, கல்லூரி மறுபடி திறந்தது. போர் மூண்டு அமைச்சரவை பதவி விலகியது அடுத்த சில மாதங்களில். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் திறந்திருக்குமா என்பது சந்தேகமே.

திறந்தது பழைய கல்லூரி அல்ல. பட்ட வகுப்புகள் இல்லை. டெக்கான் கல்லூரி முதுகலை மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் என்ற புதுப் பெயர். ஃபெர்குசனோடு போட்டியிடுவதற்குப் பதில், ஃபெர்குசன் செய்யாததைச் செய்வது என்ற முடிவு. இதற்காகப் பல இடங்களிலிருந்து ஆட்களும் பொருள்களும் வந்து சேர்ந்தன. இரண்டாவது இணைப்பு என்று நான் சொல்வது இதைத்தான். மராட்டிய வரலாற்று ஆவணங்களையும் ஓவியங்களையும் வாழ்நாளெல்லாம் சேர்த்த டி.பி. பாரஸ்னிஸின் தொகுப்பு சதாராவில் ஓர் அருங்காட்சியகமாக இருந்தது. அது முழுவதும் 1939இல் எரவாடாவுக்கு வந்தது. அதோடு மராட்டிய வரலாற்றுத் துறைக்கு டி.எஸ். ஷேஜ்வால்கர் வந்தார். முதல் இயக்குநர் பார்சி மொழியறிஞர் தாராபோர்வாலா. தொல்லியலுக்கு எச்.டி. சங்காலியா. சமூகவியலுக்கு இராவதி கர்வே. மொழியியலுக்கு எஸ்.எம். காத்ரே. 1942 முதல் 1971 வரை இருபத்தொன்பது ஆண்டுகள் காத்ரேதான் இயக்குநர்.

சிறிய நிறுவனம் என்பதால் ஒரு துறையின் கதவு இன்னொரு துறையின் முற்றத்தில் திறந்தது. 1940களின் முற்பாதியில் குஜராத்தின் லாங்னாஜில் சங்காலியா அகழ்ந்தபோது நுண்கற்கருவிகளோடு மனித எலும்புக்கூடுகளும் கிடைத்தன. எலும்பை யார் ஆராய்வது? இராவதி கர்வே மானிடவியலில் பெர்லினில் பட்டம் பெற்றவர். சங்காலியாவோடு களத்துக்கே போனார். இருவர் பெயரிலும் அறிக்கை வந்தது. இதே கர்வேதான் 1953இல் இந்திய உறவுமுறை அமைப்பைப் பற்றிய தன் பெரிய நூலை இந்த நிறுவனத்தின் வெளியீடாகக் கொண்டுவந்தார். மாமன் மகள், அக்காள் மகள் என்று தென்னாட்டில் மணமுறை எப்படி வடநாட்டிலிருந்து அடிப்படையிலேயே வேறுபடுகிறது என்பதை நாடு தழுவிய சான்றுகளோடு காட்டிய நூல் அது. உறவுமுறைச் சொற்களை அவர் ஆராய்ந்த விதத்தில் பக்கத்துத் துறையான மொழியியலின் வாடை அடிக்கும்.

சங்காலியாவின் வழிவந்தவர்கள் 1968இல் புனேக்குக் கிழக்கே கோட் ஆற்றங்கரையில் இனாம்காவ் என்ற இடத்தில் தோண்டத் தொடங்கி, ஒன்றல்ல இரண்டல்ல, பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் அங்கேயே தங்கினார்கள். கி.மு. 1600 தொடங்கி எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகள் உழவர்கள் வாழ்ந்த ஊர் அது. நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள், நீர்ப்பாசனக் கால்வாய், தானியம் சேமித்த குழிகள். இறந்த குழந்தைகளை இரண்டு பானைகளுக்குள், வாயோடு வாய் பொருத்தி, வீட்டுத் தரைக்கு அடியிலேயே புதைத்தார்கள். பெரியவர்களைப் புதைக்கும்போது பாதங்களை வெட்டிவிட்டார்கள். ஆதிச்சநல்லூர்த் தாழிகளைப் பார்த்துப் பழகிய தமிழ் வாசகருக்கு இந்தப் பானைகள் புதிதாகத் தோன்றாது, ஆனால் வீட்டுக்குள்ளேயே குழந்தையை வைத்துக்கொண்ட அந்தத் தாய்தந்தையர் மனம் நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கும். ஒரே ஊரில் இத்தனை ஆண்டு பொறுமையாகத் தோண்டுவதற்குப் பெரிய பல்கலைக்கழகத்தின் வரவுசெலவு தேவையில்லை. நாளைக்கும் இந்த வேலை இங்கேயே நடக்கும் என்ற உறுதி வேண்டும்.

அந்த உறுதியின் உச்சம் சமஸ்கிருத அகராதி. 1948இல் காத்ரே திட்டமிட்டார். ரிக்வேதம் தொடங்கிப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையிலான ஏறக்குறைய 1,500 நூல்களிலிருந்து, ஒவ்வொரு சொல்லும் எந்தக் காலத்தில் என்ன பொருளில் வழங்கியது என்று வரலாற்று முறையில் காட்டும் அகராதி. வேலை தாளில்தான் தொடங்கியது. பண்டிதர் ஒருவர் ஒரு நூலை எடுத்துக்கொள்வார். சொல் வரும் இடத்தைக் குறித்து, அது வரும் வாக்கியத்தை எழுதி, நூலின் பெயரையும் இடக்குறிப்பையும் சேர்த்து ஒரு சீட்டு தயாரிப்பார். இப்படி நாற்பது பேர் அளவில் 1973 வரை கால் நூற்றாண்டு எழுதியதில் சேர்ந்தவை சுமார் ஒரு கோடிச் சீட்டுகள். உலோக இழுப்பறைகளில் அகர வரிசையில் அவை நிற்கின்றன. ஏ.எம். காட்கே பொதுப் பதிப்பாசிரியராக, முதல் தொகுதியின் முதல் பகுதி 1976இல் வந்தது. அதற்குப் பின் நாற்பது ஆண்டுகளில் முப்பதுக்கு மேற்பட்ட பகுதிகள் வந்தும் அகரமே முடியவில்லை.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் வேலை 1913இல் தொடங்கியது. வையாபுரிப் பிள்ளை 1926இல் பொறுப்பேற்ற பின் வேகம் பிடித்து, 1936இல் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களோடு ஆறு தொகுதிகளாக முடிந்தது. அதோடு ஒப்பிட்டால் புனே அகராதி ஊர்ந்து போவதாகத் தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே வகை வேலை அல்ல. சொல்லுக்குப் பொருள் தருவது ஒன்று, சொல்லின் வாழ்க்கை வரலாற்றைத் தருவது இன்னொன்று. தமிழுக்கு அந்த இரண்டாவது வகை அகராதி இன்னும் முழுமையாக வாய்க்கவில்லை.

இந்த அகராதியைத்தான் 1851 இணைப்பின் உண்மையான பலன் என்று நான் கருதுகிறேன். சீட்டு எழுத சாஸ்திரம் ஊறிய பண்டிதர் வேண்டும். சீட்டை வரிசைப்படுத்திப் பொருள் வளர்ச்சியைக் கணிக்க வரலாற்று மொழியியல் படித்தவர் வேண்டும். பாடசாலையும் ஆங்கிலப் பள்ளியும் தனித்தனியே இருந்திருந்தால் ஒவ்வொன்றும் பாதி வேலையைத்தான் செய்திருக்கும்.

மொழியியலில் தமிழ்நாட்டோடு உள்ள கொடுக்கல் வாங்கலையும் சொல்ல வேண்டும். 1950களின் நடுவில் ராக்பெல்லர் அறக்கட்டளை உதவியோடு டெக்கான் கல்லூரி மொழியியல் கோடைப் பள்ளிகளை நடத்தியது. இலக்கணம் மட்டுமே கற்றுவந்த இந்திய மொழி ஆசிரியர்கள் பலர் ஒலியனியலையும் உருபனியலையும் அங்கேதான் முதலில் தொட்டார்கள். பல்கலைக்கழக மானியக் குழு மொழியியல் உயராய்வு மையங்களை அமைத்தபோது ஒன்று புனேயில், இன்னொன்று அண்ணாமலை நகரில். அண்ணாமலையின் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் தமிழ் மொழி வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினார். 1965இல் அதை வெளியிட்டது டெக்கான் கல்லூரி. தமிழ் மொழியின் வரலாற்றுக்குப் புனேயில் பதிப்பகம் கிடைத்ததை ஏதோ விபத்து என்று நான் எண்ணவில்லை. அந்த நாளில் அங்கே அதை மதிப்பிடத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். தொல்லியலிலும் அப்படியே. அத்திரம்பாக்கத்தில் 1999 முதல் அகழ்ந்து, அங்கு கிடைத்த கற்கருவிகளின் காலத்தைப் பதினைந்து லட்சம் ஆண்டுவரை பின்னுக்குக் கொண்டுசென்ற சாந்தி பப்பு முனைவர் ஆய்வு செய்தது டெக்கான் கல்லூரியில். ஆய்வுக்கு அவர் எடுத்துக்கொண்ட களம் கொற்றலையாற்றுப் படுகை.

இணைந்த எல்லாமே நிலைத்துவிட்டதா என்றால் இல்லை. 1939இல் சேர்ந்த துறைகளில் சமூகவியலும் மராட்டிய வரலாறும் இன்று துறைகளாக இல்லை. சதாராவிலிருந்து வந்த பொருள்கள் அருங்காட்சியகமாக வளாகத்தில் இருக்கின்றன. அவற்றைச் சுற்றி இருக்க வேண்டிய ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் இல்லை. 1970இல் கர்வே மறைந்தார். தனி மனிதரின் ஆற்றலில் ஓடிய துறை அவரோடு தளர்வது நம் நாட்டில் எங்கும் காணும் காட்சிதான். சமஸ்கிருதத்துக்கும் தொல்லியலுக்கும் அப்படி நேராததற்குக் காரணம், அங்கே யாராலும் தனியாக முடிக்க இயலாத வேலை காத்துக்கொண்டிருந்தது. ஒரு கோடிச் சீட்டு இருக்கும்வரை அதற்கு ஆள் வேண்டும். இனாம்காவ் மண்பாண்டங்கள் கிடங்கில் இருக்கும்வரை அவற்றைப் படிக்க ஆள் வேண்டும். பொருள் வந்து சேர்ந்து வேலை வராமல் போன துறை கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டது.

1949இல் பூனா பல்கலைக்கழகம் தோன்றியதும் அதன் குடையின் கீழ் இருந்த இந்த நிறுவனம், 1990இல் மானியக் குழுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவின்படி நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. அப்போதும் அது பெருக முயலவில்லை. மூன்று துறைகளோடு நின்றது. அதே தகுதியை வைத்துக்கொண்டு எத்தனையோ நிறுவனங்கள் மருத்துவம், பொறியியல், மேலாண்மை என்று பரப்பிக்கொண்டு போன காலத்தில் அப்படி நின்றது பெரிய காரியம்.

தமிழ்நாட்டில் நாம் பார்த்த இணைப்புகள் வேறு வகை. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் 1920 முதல் தொடங்கிய மீனாட்சி கல்லூரியும், தமிழ், வடமொழிக் கல்லூரிகளும் 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாயின. ஒருவர் தோட்டத்தில் வளர்ந்த மரங்களைச் சுற்றி ஒரு வேலி போட்டதுபோல அது. கொடுத்தவர் ஒருவரே ஆனதால் பூசல் இல்லை. 1978இல் கிண்டி பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, கட்டடக்கலைப் பள்ளி ஆகியவை சேர்ந்து அண்ணா பல்கலைக்கழகமாயின. நான்கும் தத்தம் வளாகத்தையும் பெயரையும் பெருமையையும் விடாமல் வைத்துக்கொண்டன. இரண்டுமே வளர்ச்சிக்காக நடந்தவை.

சிக்கனத்துக்காகச் சொல்லப்பட்ட இணைப்பு ஒன்று 2017இல் நம் வாசலுக்கு வந்தது. சென்னையிலுள்ள செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தைத் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தோடு இணைத்துவிடும் யோசனை அது. தமிழ்நாட்டில் எதிர்ப்பு கிளம்பி யோசனை கைவிடப்பட்டது. 2022இல் பெரும்பாக்கத்தில் நிறுவனத்துக்குச் சொந்தக் கட்டடமும் திறந்தாயிற்று. ஆனால் 2020இன் தேசியக் கல்விக் கொள்கை, 2040க்குள் எல்லா உயர்கல்வி நிறுவனங்களும் பல துறை நிறுவனங்களாகி ஒவ்வொன்றிலும் 3,000 அல்லது அதற்கு மேல் மாணவர் இருக்க முயல வேண்டும் என்கிறது. டெக்கான் கல்லூரி மாதிரி இடங்களை இந்த அளவுகோலால் எப்படி அளப்பது? மூவாயிரம் மாணவரைச் சேர்ப்பதென்றால் பட்ட வகுப்புகளைத் திறக்க வேண்டும். அப்படித் திறந்தால் 1934இல் எது மூடப்பட்டதோ அதையே மறுபடி கட்டியதாகும்.

2017 விவாதம் பெயரையும் இடத்தையும் பற்றியே பெரும்பாலும் நடந்தது. செம்மொழி நிறுவனம் தன் பணியாக எடுத்துக்கொண்டிருப்பது தொல்காப்பியம் முதலான 41 நூல்களுக்குச் செம்பதிப்பு. சுவடிகளை ஒப்பிட்டு, பாடபேதம் குறித்து, ஒரு நூலுக்கே பல ஆண்டு ஆகும் வேலை. 1941இல் காத்ரே இந்திய மூலபாட ஆய்வைப் பற்றி நூல் எழுதினார். சுவடிகளைத் தேடிப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் அடுத்த ஆண்டு மறைந்தார். அந்த இருவரின் வேலையும் இப்படித்தான் தலைமுறை தாண்டி இழுத்துக்கொண்டு போகக்கூடியது. ஆகவே எந்த இணைப்புக் கோப்பு மேசைக்கு வந்தாலும் முதலில் பார்க்க வேண்டிய பக்கம் பணியிடப் பட்டியல். சுவடி ஒப்பிடும் ஆள் எத்தனை பேர், அவர்களுக்கு நிரந்தர வேலையா ஒப்பந்தமா, ஓய்வு பெறுபவரின் இடத்தில் இன்னொருவரைச் சேர்க்கப் புது நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டா, பாதியில் நிற்கும் நூல்களின் கையெழுத்துப் படிகள் யார் பொறுப்பில் போகும். எரவாடாவில் சீட்டுகளைக் காத்தவை இந்த விவரங்கள். சதாரா தொகுப்பு அங்கே வந்து சேர்ந்தும் துறையாக நிலைக்காமல் போனது இவை இல்லாததால்.